சிவப்பு ப்ளக் பாயிண்ட்

முதல்ல அந்த ரோஸ் கலரைப் பத்திச் சொல்லிடறேன், இல்லன்னா எனக்கு மேற்கொண்டு பேச்சே வராது. பலூன் ரோஸ். மேடைக்குப் பின்னால கட்டின துணி ரோஸ். நாற்காலி உறை ரோஸ். வந்தவங்க நெஞ்சுல குத்தின ரிப்பன் ரோஸ். கேக் மேல பூசின க்ரீம்கூட ரோஸ்தான். அது புழுக்கத்துல உருகித் தட்டு ஓரமா வழிஞ்சு நின்னுச்சு. எங்க அக்காவுக்கு அந்தக் கலரே ஆகாது. பல்பொடிக் கலர்னு சொல்லுவா. அவ ஞாபகார்த்தமா நடக்கிற கூட்டத்துல அவளுக்குப் பிடிச்சதா ஒரு சாமான்கூட இல்ல.

பேனர்ல இருந்த படத்தைப் பத்தி என்னத்தைச் சொல்ல. முடியெல்லாம் கொட்டினப்புறம் எடுத்த படம் அது. அதுக்குக் கம்ப்யூட்டர்ல கூந்தல் வச்சு, கன்னத்துக்குச் சாயம் தடவி, பல்லை வெள்ளையாக்கி வச்சிருந்தான் எங்க அண்ணன். ஷாம்பு விளம்பரத்துக்கு வந்தவ மாதிரி இருந்தா. கீழே கொட்டை எழுத்துல "போராளி". அக்கா எங்கடா போராடினா? வாந்தி எடுத்தா, வலில கத்தினா, டாக்டரைத் திட்டினா, செத்துப்போனா. அதைச் சொல்றதுக்கு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் வாய் வரல.

எங்க குடும்பத்துக்கு மைக் செட் வாடகைக்கு விடற தொழில். அப்பா ஆரம்பிச்சது. கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட விழா, இரங்கல் கூட்டம், எல்லாத்துக்கும் நாங்கதான். மேடையும் லைட்டும் அண்ணன் பொறுப்பு. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர்ல உட்கார்றது கடைசிப் பொண்ணு நான். அக்கா கல்யாணமே வேணாம்னு இருந்துட்டவ. படுக்கையில விழற வரைக்கும் கடையைக் கவனிச்சுக்கிட்டவ அவதான். யாருக்கு எந்தத் தேதின்னு அவ தலைக்குள்ள இருக்கும். வாடகையை இழுத்தடிக்கிறவங்களைப் போன்ல அவ கிழிக்கிற கிழியைக் கேட்டா நமக்கே பாவமா இருக்கும்.

அப்பா சொல்லிவச்ச ஒரே சட்டம், கரண்ட் போகலாம், மைக் போகக் கூடாது. அதை அண்ணன் அப்படியே பிடிச்சுக்கிட்டான். எந்த மண்டபத்துக்குப் போனாலும் பொண்ணு மாப்பிள்ளை யாருன்னு கேட்க மாட்டான், ஜெனரேட்டர் லைன் எங்கேன்னுதான் கேட்பான். கண்டுபிடிச்சு, அதுல ஏற்கெனவே என்ன மாட்டியிருந்தாலும் உருவிப் போட்டுட்டு நம்ம வயரைச் சொருகிடுவான். மண்டபத்துக்காரனோட ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டார், ஒரு தடவை மணப்பொண்ணு முடியை நீட்டிவிட வச்சிருந்த சூட்டு இஸ்திரி. யார் கத்தினாலும் பல்லைக் காட்டிக்கிட்டு, "ஒரு மணி நேரம்தாங்க, அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது"ம்பான்.

அவனுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. யாராவது அழுதா எக்கோவை ஏத்தச் சொல்லுவான். இரங்கல் கூட்டத்துல எக்கோ வச்சா அழுகை கொஞ்சம் இழுத்துக் கேட்குமாம், ஜனங்களுக்குக் கண்ணு கலங்குமாம். அக்காவுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தப்போகூட எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுச் சொன்னா: "நான் செத்ததுக்கப்புறம் எனக்கு எக்கோ போட்டு எவனாவது பேசினீங்க, பேயா வந்து ஃபியூஸைப் பிடுங்கிடுவேன்." அண்ணன் சிரிச்சான். நான் சிரிக்கல, ஏன்னா அவ செஞ்சாலும் செய்வா.

அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டுல ஒரு ஆராய்ச்சிக் கூடம் இருக்கு. கூடம்னா பெருசா நினைச்சுக்காதீங்க, ரெண்டு அறைதான். அங்க வேலை பார்க்கிற டாக்டரம்மா தடிமனா ஒரு கண்ணாடி போட்டிருப்பாங்க, அதனால அக்கா வச்ச பேரு கண்ணாடி டாக்டர். அவங்கதான் எங்களுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொன்னாங்க. மார்புல வர்ற கேன்சர் எல்லாருக்கும் ஒரே கேன்சர் இல்லையாம். ஒருத்தர் கட்டிக்குக் கேட்கிற மருந்து இன்னொருத்தர் கட்டியைத் தொடக்கூடத் தொடாதாம். அதனால கட்டியிலிருந்து துளியூண்டு எடுத்து, தட்டுல போட்டு, உடம்புச் சூட்டுலயே இருக்கிற ஒரு பெட்டிக்குள்ள வளர்க்கறாங்க. வளர்ந்ததும் அதுமேல ஒவ்வொரு மருந்தா விட்டுப் பார்க்கறாங்க. எது அதைக் கொல்லுதோ, அந்த மருந்தை அந்த ஆளுக்குக் குடுக்கலாம். ஆளு மேல சோதிச்சுப் பார்த்து ஆளைக் கொல்ல வேண்டியதில்ல.

அக்கா விஷயத்துல எல்லாம் லேட். தட்டுல அவளோடது வளர்ந்து, இந்த மருந்துதான் கேட்கும்னு தெரிஞ்சப்போ அவ இல்ல. கண்ணாடி டாக்டர் கண்ணைத் தொடச்சுக்கிட்டே, "உங்க அக்காவோட செல் ரொம்ப நல்லா வளருது, இன்னும் பல பேருக்கு உதவும்"னாங்க. அவளைத் தின்னது நல்லா வளருதாம். அப்புறம் யோசிச்சா, அக்காவே கேட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தது அது. "என் கட்டியாவது உருப்படியா ஒரு வேலை பார்க்கட்டும்"னு சொல்லித்தான் குடுத்தா. சரின்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

டிராயிங் டீச்சர் ஒருத்தரையும் சம்மதிக்க வச்சது அவதான். மருந்து ஏத்துற அறையில அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி. மெல்லிசா, பூனை நடக்கிற மாதிரி பேசுறவங்க. டிராயிங் கிளாஸ்ல யாரு கத்தணும்? தன் கட்டியிலிருந்து எடுத்துக் குடுக்க அவங்க பயந்தாங்க. அக்கா விடல. "குடுங்க டீச்சர், அதை வச்சுக்கிட்டு என்ன அழகா பார்க்கப் போறோம்?" டீச்சர் சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்க. டீச்சருக்கு அந்த நேரம் குணமாகற மாதிரி இருந்துச்சு, அப்புறம் மறுபடியும் கட்டி பெருசாச்சு. விழா சமயத்துல அவங்களோட துளி அந்தப் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. அடுத்து எந்த மருந்துன்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணப் போறதா இருந்தாங்க. மருந்து விட்டுட்டாங்க, ரிசல்ட் மட்டும்தான் பாக்கி.

அக்கா ஞாபகமா ஆராய்ச்சிக்கு ஏதாவது செய்யணும்னு ஆரம்பிச்சது நான்தான். சொந்தக்காரங்க, மேடைத் தொழில்காரங்க, அக்காகிட்டத் திட்டு வாங்கினவங்ககூட ஆசையா குடுத்தாங்க. கண்ணாடி டாக்டர்கிட்ட என்ன வேணும்னு கேட்டோம். அந்தச் சூட்டுப் பெட்டிக்குத் தனியா ஒரு பேட்டரியும், ஏதாவது கோளாறுன்னா போனுக்குச் சேதி அனுப்புற அலாரமும் வேணும்னாங்க. இப்போ இருக்கிற அலாரம் சுவத்துல உட்கார்ந்துக்கிட்டு பீப் பீப்னு கத்தும், அவ்வளவுதான், கட்டடத்துல ஆள் இல்லன்னா அது கத்தி என்ன பிரயோஜனம்னாங்க.

அண்ணன் மூஞ்சி சுருங்கிப்போச்சு. "பேட்டரிய எப்படி மேடைல வச்சுத் திறக்கிறது டாக்டர்? பேரு எங்க எழுதறது?" கடைசியில பெரிய திரை வச்ச ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினான். திரைக்கு மேலேயும் கீழேயும் அக்கா பேரு. அதோட விட்டானா? திறப்பு விழாவுல அக்காவோட செல்லைத் திரையில காட்டப் போறானாம். "இப்போ எங்க அக்காவை நீங்க நேர்லயே பார்க்கப் போறீங்கன்னு நான் சொல்லுவேன். அந்த இடத்துல எக்கோவை நல்லா ஏத்திடு" அப்படீங்கறான்.

"அது அக்கா இல்லடா, அக்காவைக் கொன்னது"ன்னேன்.

"உனக்கு உணர்ச்சியே கிடையாது"ன்னான்.

முந்தின நாள் சாயங்காலம் ஆராய்ச்சிக் கூடத்து வெளி அறையில மேடை போடப் போனோம். கண்ணாடி டாக்டர் வார்டுக்குக் கிளம்புற அவசரத்துல இருந்தாங்க. "வெளி அறையில எந்த ப்ளக்கை வேணும்னாலும் எடுத்துக்குங்க. உள் அறைக்குள்ள மட்டும் தயவுசெஞ்சு யாரும் போக வேணாம்." கதவுலயே அதை எழுதி ஒட்டியும் இருந்துச்சு. அண்ணன் தலையைத் தலையை ஆட்டினான். அவங்க படியிறங்கினதும் அந்தக் கதவை மறைச்சு ரோஸ் துணியைக் கட்டினான். மேடைக்குப் பின்னால வேற இடமே இல்ல, நானும் அதைத் தப்பா நினைக்கல.

நான் வெளியில ஸ்பீக்கர் வச்சு வயர் இழுத்துக்கிட்டிருந்தேன். வயரோட இன்னொரு முனையை அவன் துணிக்கு அடியில தள்ளிக்கிட்டுப் போனான். கொஞ்ச நேரத்துல ஆம்ப்ளிஃபயருக்கு லைன் வந்துச்சு. மைக்கைத் தட்டிப் பார்க்கலாம்னு எடுத்தா, எங்கிருந்தோ பீப், பீப், பீப். நிக்கவே இல்ல. மைக்குலயும் அது விழுந்து ஸ்பீக்கர் வழியா வந்து காதைக் குடைஞ்சுச்சு.

"என்ன கருமம் அந்தச் சத்தம்? நிறுத்தித் தொலையேன்!" கத்தினது நான்தான்.

"இரு, பார்த்துக்கறேன்"னு துணிக்குப் பின்னாலிருந்து சொன்னான். சத்தம் நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. என்ன சத்தம், எதை நிறுத்தினான்னு ஒரு வார்த்தை கேட்கல. மைக் செட்காரங்களுக்குத் தேவையில்லாத சத்தம்னா கொசு மாதிரி, அடிச்சாச்சான்னுதான் பார்ப்போம்.

மறுநாள் காலையில ஜனம் வர ஆரம்பிச்சிடுச்சு. கண்ணாடி டாக்டர் வந்ததும் வராததுமா, "நான் உள்ள போய் பெட்டியை ஒருதடவை பார்த்துட்டு வந்துடறேன்"னாங்க. கதவுக்கு முன்னால மேடை, மேடைக்கு மேல பூத்தொட்டி, பின்னால இழுத்துக் கட்டின துணி. அண்ணன் ரெண்டு கையையும் கூப்பினான். "டாக்டர், இப்ப கலைச்சா திரும்பக் கட்ட முடியாது. விருந்தாளி கார் வந்துடுச்சு. கடைசியில நீங்கதானே உள்ள போய் தட்டை எடுத்துட்டு வரப் போறீங்க, அப்ப பார்த்துக்கலாம்." அவங்க ஆஸ்பத்திரி டைரக்டரைப் பார்த்தாங்க. அவரு, "உட்காருங்கம்மா, நேரமாகுது"ன்னு கையைக் காட்டிட்டாரு. அவங்க உட்கார்ந்தாங்க, ஆனா திரும்பித் திரும்பி அந்தத் துணியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

பேச்சு ஆரம்பிச்சுச்சு. அய்யோ, அந்தப் பேச்சு. விருந்தாளியா வந்தவருக்கு அக்கா யாருன்னே தெரியாது. "புன்னகையாலேயே நோயை வென்ற மாதரசி"ன்னாரு. வென்றாளாம்! வென்றிருந்தா எதுக்குய்யா இங்க வந்து உட்கார்ந்திருக்கே? அதுக்கும் கை தட்டினாங்க. அப்புறம் அண்ணன் எழுந்தான். மைக்கைப் பிடிச்சதும் குரல் தழுதழுத்துச்சு, என்னைப் பார்த்து விரலை மேல மேல ஆட்டினான், எக்கோ ஏத்துன்னு. நான் அசையல. அவனே நடந்து வந்து, அழுதுக்கிட்டே, மிக்ஸர்ல திருகிட்டுப் போனான். "அக்கா... க்கா... க்கா..." அவன் கண்ணுல தண்ணி நிஜம்தான், அதை நான் இல்லைன்னு சொல்லல. அக்கா மேல அவனுக்குப் பாசம் உண்டு. ஆனா நிஜமா வர்ற அழுகையைத் தானே நின்னு காதால கேட்டு ரசிக்கிறான் பாருங்க, அதைத்தான் என்னால சகிக்க முடியல.

அடுத்தது டிராயிங் டீச்சர். தலையில ஸ்கார்ஃப், தோள்ல குறுக்கே ரோஸ் பட்டை, அதுல "போராளி". அண்ணன் மாட்டிவிட்டது. அவங்க கூச்சத்துல அதை ஓரமா இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே மைக் முன்னால வந்தாங்க. குரல் எழும்பவே இல்ல. நான் எக்கோவைச் சுத்தமா இறக்கிட்டு, வால்யூமை ஏத்தினேன்.

"எனக்குப் பேச வராது"ன்னு ஆரம்பிச்சாங்க. "இவங்க அக்கா சொல்லித்தான் நான் குடுத்தேன். இந்தச் சுவத்துக்குப் பின்னால என்னோட ஒரு துளி இருக்கு. அது என்ன சொல்லுதோ அதுதான் எனக்கு அடுத்த மருந்து. நான் தினமும் அதை நினைச்சுக்குவேன். பத்திரமா இருக்கும்னு ஒரு தைரியம்."

வால்யூம் ஏத்தினதும் ஹம்மிங் வந்துச்சு, ஸ்பீக்கருக்குள்ள ஒரு ரீங்காரம். அவங்க பேச்சையே அது முழுங்கிடும் போல இருந்துச்சு. ப்ளக்ல எர்த் சரியா உட்காரலன்னா இப்படித்தான் வரும். குனிஞ்சு வயரைத் தடவிக்கிட்டே, துணிக்கு அடியில தவழ்ந்து மேடைக்குப் பின்னால போனேன். ப்ளக் பாயிண்ட் துணிக்குப் பின்னால சுவத்துல இருக்கும்னு நினைச்சேன். சுவத்துல ஒண்ணுமில்ல. வயர் கதவுக்கு அடியில நுழைஞ்சு உள்ள போச்சு.

கதவைத் தள்ளினேன். ஏசி ஜில்லுன்னு மூஞ்சில அடிச்சுச்சு. சுவத்துல சிவப்பா ஒரு ப்ளக் பாயிண்ட். அந்த ஒண்ணுதான் சிவப்பு, மத்ததெல்லாம் வெள்ளை. கரண்ட் போனாலும் போகாத லைன். அதுல நம்ம எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பக்கத்துல தரையில வேற ஒரு ப்ளக் மல்லாந்து கிடந்துச்சு. அதோட வயரைக் கண்ணால பிடிச்சுக்கிட்டே போனா அந்தச் சூட்டுப் பெட்டி. முன்பக்கத்துல சூட்டைக் காட்டுற நம்பர் எதுவும் எரியல. கதவுல கையை வச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு.

மேல சுவத்துல அலாரம். அதோட வயரைப் பிடுங்கி, முனையில எங்க கடை கறுப்பு டேப்பைச் சுத்தியிருந்தான். ரொம்ப நீட்டா, ஷாக் அடிக்காத மாதிரி. நேத்து சாயங்காலம் நான் கத்தினது காதுக்குள்ள அப்படியே கேட்டுச்சு.

வெளியில ஸ்பீக்கர்ல டீச்சர் பேசிக்கிட்டிருந்தாங்க. "இந்த மைக்ராஸ்கோப்பைக் குடுத்த குடும்பத்துக்கு என் வாழ்நாள் முழுக்க நன்றி சொன்னாலும்..."

நம்ம ப்ளக்கைப் பிடுங்கினேன்.

எங்க அப்பா காலத்திலிருந்து செத்ததில்ல எங்க மைக். அன்னிக்குச் செத்துச்சு. வெளியில சலசலன்னு பேச்சு. மனசுக்குள்ள ஒரு பைத்தியக்கார நினைப்பு, அக்கா சொன்ன மாதிரியே வந்துட்டாளோன்னு. பெட்டியோட ப்ளக்கைச் சிவப்புல சொருகினேன். நம்பர் எரிஞ்சுச்சு. உடம்புச் சூட்டுல இருக்க வேண்டியது, அறைக் குளிரைத்தான் காட்டுச்சு.

அண்ணன் துணியை விலக்கிக்கிட்டுப் பாய்ஞ்சு வந்தான். "யாருடி லைனைப் பிடுங்கினது? மானம் போகுது அங்க!"

"இதுல என்ன மாட்டியிருந்துச்சு? சொல்லு, என்ன மாட்டியிருந்துச்சு?"

பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திருடன் மாதிரி முழிச்சான். "அது... ஏதோ ஃப்ரிட்ஜுன்னு நினைச்சேன். இதான் பேக்கப் லைன்... ஒரு நாள்தானேன்னு..." அப்புறம் குரலை இறக்கி, என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "இப்ப மாட்டிட்டல்ல? சூடாயிடும். யாருக்கும் தெரிய வேணாம். கதவைச் சாத்து."

பெத்த அப்பன் மேல சத்தியமா சொல்றேன், கூடப் பொறந்தவன் மூஞ்சில துப்பணும்னு அன்னிக்குத்தான் தோணுச்சு. துப்பல. கையை உதறிட்டேன்.

கண்ணாடி டாக்டர் அவன் பின்னாலேயே வந்து நின்னிருந்தாங்க. கையுறையை மாட்டினாங்க, பெட்டியைத் திறந்தாங்க, ஒவ்வொரு தட்டா எடுத்து மூலையில இருந்த பழைய மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தாங்க. பார்க்கப் பார்க்கத் தோள் இறங்கிக்கிட்டே வந்துச்சு. கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க. அது இல்லாம அவங்களைப் பார்த்தா பரீட்சையில தோத்த பொண்ணு மாதிரி இருந்துச்சு.

"பாதிக்கு மேல செத்துடுச்சு. மிச்சம் இருக்கிறதும் சோதனைக்கு ஆகாது, இனி அது என்ன காட்டினாலும் நம்ப முடியாது"ன்னாங்க. "உங்க அக்காவோடது ஃப்ரீசர்ல கொஞ்சம் உறைய வச்சிருக்கேன். திரும்ப ஆரம்பிக்கலாம்."

"டீச்சரோடது?"

"அது கொஞ்சம்தான் கிடைச்சுது. எல்லாத்தையும் சோதனைக்கே போட்டுட்டேன்." கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டினாங்க. "மறுபடியும் ஊசி குத்தி எடுக்கணும். வளர்ந்து, மருந்து விட்டுப் பார்க்க வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் அவங்க கட்டி காத்துக்கிட்டு இருக்குமான்னு எனக்குத் தெரியல. நேத்து நானே திரும்பி வந்து பார்த்திருக்கணும். இன்னிக்குக் காலையில அந்தத் துணியைக் கிழிச்சுட்டாவது உள்ள போயிருக்கணும்."

வெளியில மறுபடியும் மைக்குக்கு உயிர் வந்த சத்தம் கேட்டுச்சு. அண்ணன் அங்க போயிட்டான். மேடைக்குப் பக்கத்துலயே, கை எட்டுற தூரத்துல, வெள்ளை ப்ளக் பாயிண்ட் சும்மாதான் கிடந்திருக்கு. அதுல மாட்டிட்டு, "சின்னத் தொழில்நுட்பக் கோளாறு, மன்னிக்கணும்"னு இழைஞ்சுக்கிட்டிருந்தான். "அக்காவைத் திரையில பார்க்கிற நிகழ்ச்சி இன்னொரு நாள். இப்ப எல்லாரும் கேக் சாப்பிடலாம்." ஜனம் எழுந்து கேக்குக்குப் போச்சு. அந்த வழிஞ்ச க்ரீமை நக்கித் தின்னுச்சு.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்து காதுல சொன்னான். "டைரக்டர்கிட்டப் பேசிட்டேன். டீச்சருக்கு இப்ப சொல்ல வேணாம், ரிசல்ட் சரியா வரலன்னு அப்புறமா சொல்லிக்கலாம்னாரு. மைக் செத்த இடத்தை வீடியோல வெட்டிட்டா ஒண்ணுமே தெரியாது."

"வெட்டு, நல்லா வெட்டு"ன்னேன். "என்னையும் சேர்த்து வெட்டிடு."

டீச்சர் முதல் வரிசையில தனியா உட்கார்ந்திருந்தாங்க. கையில யாரோ குடுத்த கேக்குத் தட்டு, தொடாம இருந்துச்சு. பக்கத்துல போய் உட்கார்ந்தேன். சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. நாங்க உள்ள இருந்த பெட்டியோட ப்ளக்கைப் பிடுங்கி மைக்குக்குப் போட்டோம், ராத்திரி பூரா அது அணைஞ்சு கிடந்துச்சு, உங்களோடது செத்துப்போச்சு, மறுபடியும் ஊசி குத்தணும்னு சொன்னேன். அலாரம் கத்தினப்போ அதை நிறுத்தச் சொன்னது நான்தான்னும் சொன்னேன்.

அவங்க கேக்குத் தட்டைக் குனிஞ்சு நாற்காலிக்கு அடியில வச்சாங்க.

"நான் பேசிக்கிட்டிருந்தப்போ மைக் நின்னுச்சே, அதனாலதானா?"

"ஆமா டீச்சர். நான்தான் பிடுங்கினேன்."

"என் குரல்தான் கேட்கலையோன்னு நினைச்சேன்." தொண்டையைத் தடவிக்கிட்டாங்க. "நன்றி நன்றின்னு கத்தினேன். என் வாழ்க்கையில நான் அவ்வளவு சத்தமா பேசினதே இல்ல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. அவங்க அந்த ரோஸ் பட்டையைத் தலைவழியா கழட்டி, நாலா மடிச்சு, என் மடியில வச்சாங்க. "இதை உங்க அண்ணன்கிட்டக் குடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டு எழுந்து கண்ணாடி டாக்டர்கிட்டப் போனாங்க. "இன்னிக்கே எடுக்க முடியுமா?"ன்னு அவங்க கேட்டது மட்டும் எனக்குக் காதுல விழுந்துச்சு.

அவங்களை ஊசி போடுற அறைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. நான் உள் அறைக்குப் போனேன். அலாரம் வயர்ல சுத்தியிருந்த டேப்பைப் பிரிச்சேன், எப்படிப் பிடுங்கினானோ அப்படியே திருப்பி மாட்டினேன். அது ஒரு தடவை பீப்புன்னுச்சு. பெட்டியோட நம்பர் மெல்ல மெல்ல ஏறிக்கிட்டிருந்துச்சு. சிவப்பு ப்ளக் பாயிண்ட்டுக்கு முதுகைக் குடுத்துத் தரையில உட்கார்ந்துட்டேன்.

அண்ணன் வாசல்ல வந்து நின்னான். "ஏய், அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடு. சாயங்காலம் வேற ஒரு மேடை இருக்கு." கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்துச்சு, பாவம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. "வேணும்னேயா செஞ்சேன்? அக்கா பேரைச் சொல்லித்தானே எல்லாம் செஞ்சேன்?"

"அந்தப் பேரை உன் வாயால சொல்லாத. உள்ள ஒரு அடி வச்சே, காலை உடைச்சுடுவேன்."

நின்னான், நின்னான், அப்புறம் போயிட்டான். பலூன் ஒண்ணொண்ணா வெடிக்கிற சத்தம் கேட்டுச்சு. கழட்டிக்கிட்டு இருந்தாங்க போல.

டீச்சர் திரும்பி வந்தப்போ ஒரு கையால மார்பை அழுத்திப் பிடிச்சிருந்தாங்க. உதடு வெளுத்திருந்துச்சு. நான் தரையில உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துட்டு வாசல்லயே நின்னாங்க.

"எதுக்கு இப்படி உட்கார்ந்திருக்கீங்க? உள்ள இன்னும் ஒண்ணும் வைக்கலையே."

"வைப்பாங்கல்ல"ன்னேன்.

அவங்க பின்னாலேயே கண்ணாடி டாக்டர் ஒரு சின்னக் குப்பியைக் கையில பொத்தி எடுத்துட்டு வந்து, மேசைக்குப் போய் முதுகைக் காட்டிக்கிட்டு வேலையை ஆரம்பிச்சாங்க. டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிர்ல போட்டு, வலிக்காம மெல்ல உட்கார்ந்தாங்க.

"நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுடாதீங்க"ன்னாங்க, அதே பூனைக் குரல்ல.

"நினைக்கல டீச்சர்."

"சரி. அப்ப அங்கிருந்து நகராதீங்க."